மூன்று மடங்கு அதிகம் என்றால் எவ்வளவு?

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் பால் இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள். வழக்கம்போல ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். எங்கள் வீட்டுப் பெரியவர்களும் இதைப் படிக்கிறார்கள். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், வகுப்பில் படித்தது போலவே இருக்கும்.

ஆங்கிலம் எழுதும்போது ஸ்பெல்லிங் தப்பினால் சிரிப்பார்கள், அவ்வளவுதான். டென்ஸ் தப்பினாலும் அனுசரித்துப் புரிந்துகொள்வார்கள். ஆனால் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டு எழுதும் இடத்தில் தெளிவு இல்லாமல் போனால் சங்கதி வேறு. அங்கே தப்பு இருப்பதே யாருக்கும் தெரியாது. எழுதியவர் ஒன்றை நினைத்திருப்பார், படித்தவர் வேறொன்றைப் புரிந்துகொண்டு வேலையை ஆரம்பித்திருப்பார். இரண்டு பேருக்கும் சந்தேகமே வராது. கம்பாரிசன் என்று ஆறாம் வகுப்பிலிருந்து நாம் படித்த அந்தப் பாடத்தை மறுபடி எடுக்க இதுதான் காரணம்.

திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் யூனிட் வைத்திருக்கிறான் என் பழைய மாணவன் ஒருவன். ஒருநாள் போன் செய்தான். “டீச்சருங்களா, ஒரு சந்தேகமுங்க. திரீ டைம்ஸ் மோர்னா எவ்வளவுங்க?” என்றான். இந்த வயதில் இவனுக்கு எதற்கு இந்தச் சந்தேகம் என்று கேட்டேன். பிறகு விஷயத்தைச் சொன்னான்.

வெளிநாட்டு பையர் ஒருவர் முந்தைய தடவை 2,000 பீஸ் டி-ஷர்ட் எடுத்திருந்தார். இந்தத் தடவை மெயிலில், “திரீ டைம்ஸ் மோர் தேன் தி லாஸ்ட் ஆர்டர்” வேண்டும், அவசரம், பி.ஓ. பின்னால் வரும் என்று எழுதியிருக்கிறார். இவன் உட்கார்ந்து கணக்குப் போட்டான். போன ஆர்டர் 2,000. அதைவிட மூன்று மடங்கு அதிகம் என்றால் கூடுதல் மட்டும் 6,000. ஆக மொத்தம் 8,000. துணி எடுத்தாயிற்று, கட்டிங் முடிந்தது, பாதி தையலும் ஆயிற்று. அப்போதுதான் பி.ஓ. வந்தது. அதில் இருந்த எண்ணிக்கை 6,000. மிச்சம் 2,000 பீஸ் காதர்பேட்டையில் ஸ்டாக் லாட்டாகப் போனது. என்ன விலைக்குப் போயிருக்கும் என்று திருப்பூர்க்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

“நீங்க சொல்லிக் கொடுத்த கணக்குத்தானுங்க போட்டேன். தப்புங்களா?” என்று கேட்டான்.

அவன் கணக்கு தப்பில்லை. அந்த பையர் எழுதியதும் அவர்கள் ஊர் வழக்கில் தப்பில்லை. “திரீ டைம்ஸ் மோர் தேன்” என்ற தொடருக்கே இரண்டு பொருள் இருக்கிறது. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களிலும் பெரும்பாலோர் மூன்று மடங்கு என்ற பொருளில்தான் அதை எழுதுகிறார்கள். ஆனால் சொல்லுக்குச் சொல் பார்த்தால் “மோர்” என்பது கூடுதலைக் குறிக்கிறது. அப்படிப் படித்தால் நான்கு மடங்காகிவிடும்.

நம் தமிழிலும் இந்தக் குழப்பம் இருக்கிறது. “விலை ஒரு மடங்கு கூடிவிட்டது” என்றால் 100 ரூபாய் 200 ஆகிவிட்டது என்று பொருள். அப்படியானால் “இரண்டு மடங்கு கூடிவிட்டது” என்றால் 300 ஆக வேண்டும் அல்லவா? ஆனால் அதைச் சொல்கிறவர்களில் பாதிப் பேர் 200 என்ற பொருளில்தான் சொல்கிறார்கள். சந்தையில் எதிரெதிரே நின்று பேசும்போது, “எவ்வளவுங்க?” என்று உடனே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மெயிலைப் பார்த்து அப்படிக் கேட்க முடியாது.

தெளிவாக எழுத வழி இருக்கிறது. எண்ணக்கூடிய பொருளானால் “திரீ டைம்ஸ் அஸ் மெனி அஸ்” என்று எழுதுங்கள். பணம், தண்ணீர், நேரம் போன்று எண்ண முடியாததானால் “திரீ டைம்ஸ் அஸ் மச் அஸ்”. இதற்கு மூன்று மடங்கு என்ற ஒரே பொருள்தான். இன்னும் நல்லது, கூடவே எண்ணையும் எழுதிவிடுவது: “வீ நீட் 6,000 பீஸஸ், திரீ டைம்ஸ் அஸ் மெனி அஸ் லாஸ்ட் டைம்.” இரண்டும் இருந்தால் ஒன்றில் பிழை வந்தாலும் மற்றொன்று காட்டிக்கொடுத்துவிடும். அடுத்தவர் குழப்பமாக எழுதியிருந்தாலும் இதே மருந்துதான். “டு யூ மீன் 6,000 பீஸஸ் இன் ஆல்?” என்று ஒரு வரி பதில் போட்டுவிட்டுக் கத்திரியை எடுங்கள். அதைத்தான் அவனிடமும் சொன்னேன்.

“மோர்” பாடு இப்படி என்றால் “லெஸ்” பாடு இன்னும் மோசம். நர்ஸாக வேலை பார்க்கும் ஒரு மாணவி சொன்னது இது. ஷிப்ட் மாறும்போது எழுதிவைக்கும் குறிப்பில், நோயாளிக்குச் சிறுநீர் “டூ டைம்ஸ் லெஸ் தேன் எஸ்டர்டே” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். டியூட்டி டாக்டர் படித்துவிட்டு, “அப்படியானால் எவ்வளவு?” என்று கேட்டாராம். கேட்டது நியாயம்தானே? ஒரு பொருளில் அதன் இரண்டு மடங்கைக் குறைத்தால் பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும். எழுதியவர் நினைத்தது பாதி. “ஹாஃப் அஸ் மச் அஸ் எஸ்டர்டே” என்றால் யாருக்கும் புரியும். நேற்று 1,200 மி.லி., இன்று 600 மி.லி. என்று இரண்டு எண்ணையும் எழுதினால் ஒப்பீட்டுச் சொல்லே வேண்டியதில்லை. நோயாளி சம்பந்தமான குறிப்பில் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

மடங்கு என்ற சொல் செல்லாத இடமும் உண்டு. நேற்று 20 டிகிரி, இன்று 40 டிகிரி, ஆகவே “ட்வைஸ் அஸ் ஹாட்” என்று எழுதினால் அறிவியல் ஆசிரியர் ஒத்துக்கொள்ள மாட்டார். அதே 20 டிகிரி செல்சியஸ், ஃபாரன்ஹீட்டில் 68. 40 டிகிரி என்பது 104. அங்கே போனால் இரண்டு மடங்கு எங்கே போயிற்று? செல்சியஸின் பூஜ்யம் தண்ணீர் உறையும் இடம்தானே தவிர, வெப்பமே இல்லாத இடம் அல்ல. இங்கே “20 டிகிரீஸ் ஹாட்டர்” என்று எழுதுவதே சரி.

அடுத்தது சதவீதம். வீட்டுக்கடன் வாங்கிய பிள்ளைகள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதம். 2023 பிப்ரவரியில் அது 6.50 சதவீதம். எவ்வளவு கூடியது? “2.5 பர்சன்ட்” என்று பலரும் எழுதுவார்கள். கணக்குப்படி 4-இல் 2.5 சதவீதம் என்பது வெறும் 0.10. அப்படிப் பார்த்தால் புதிய விகிதம் 4.10 ஆகத்தான் இருக்க வேண்டும்! கூடியது 2.5 “பர்சன்டேஜ் பாயிண்ட்ஸ்”, அதாவது சதவீதப் புள்ளிகள். சதவீதமாகவே சொல்ல வேண்டுமென்றால் 62.5 சதவீதம். இந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் வங்கிக்காரர்கள் “பேசிஸ் பாயிண்ட்” என்கிறார்கள். ஒரு சதவீதப் புள்ளிக்கு 100 பேசிஸ் பாயிண்ட். அந்த ஒன்பது மாதத்தில் கூடியது 250.

இங்கே இரண்டு குட்டிச் சொற்கள் பெரிய வேலை செய்கின்றன. “இன்கிரீஸ்டு பை” என்றால் கூடிய அளவு. “இன்கிரீஸ்டு டு” என்றால் போய்ச் சேர்ந்த அளவு. “ரென்ட் இன்கிரீஸ்டு பை 8,000” என்பதற்கும் “ரென்ட் இன்கிரீஸ்டு டு 8,000” என்பதற்கும் உள்ள தூரம் வாடகை கொடுக்கிறவருக்குத் தெரியும். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அந்த ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள். இன்னொன்றும் நினைவிருக்கட்டும். 100 ரூபாய்ச் சாமானுக்கு 50 சதவீதம் ஏற்றி, பிறகு 50 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் பழைய விலை வராது, 75 ரூபாய்தான் வரும். எதன் மீது சதவீதம் என்று எழுதாத வரைக்கும் சதவீதத்துக்கு அர்த்தமே இல்லை.

இனி கணக்கை விட்டு இலக்கணத்துக்கு வருவோம்.

நம் பிள்ளைகளுக்கு ஆங்கில ஒப்பீடு கஷ்டமாக இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. தமிழில் பண்புச்சொல் மாறுவதே இல்லை. “இந்தக் குச்சி நீளம், அந்தக் குச்சியை விட இது நீளம், எல்லாவற்றையும் விட இதுதான் நீளம்.” மூன்று இடத்திலும் நீளம் நீளமாகவே இருக்கிறது. ஒப்பிடும் வேலை முழுவதையும் “விட”, “காட்டிலும்” என்ற சொற்கள் பார்த்துக்கொள்கின்றன. பழைய தமிழில் அதை வேற்றுமை உருபே பார்த்துக்கொண்டது. ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்று நன்னூல் சொல்வது தமிழ் வகுப்பில் படித்தது நினைவிருக்கிறதா? ஆங்கிலத்தில் அப்படி இல்லை. “லாங், லாங்கர், லாங்கஸ்ட்” என்று சொல்லே உருமாறுகிறது. சொல்லும் மாற வேண்டும், “தேன்” என்ற சொல்லும் வர வேண்டும். இரட்டை வேலை. அதனால்தான் “மோர் பெட்டர்”, “மோஸ்ட் பெஸ்ட்” என்று மூன்றாவது வேலையையும் பிள்ளைகள் சேர்த்துக்கொள்கிறார்கள். “பெட்டர்” என்பதற்குள்ளேயே “மோர்” இருக்கிறது. வேண்டுமானால் “மச் பெட்டர்” என்று எழுதலாம்.

“தேன்” என்றதும் இனிக்கும் தேனை நினைத்துக்கொள்ளாதீர்கள். அதன் பக்கத்து வீட்டுக்காரர் “தென்”. ஒப்பிடுவதற்கு “ஏ” வரும் “தேன்”. பிறகு, அப்போது என்பதற்கு “ஈ” எழுத்து போட்ட “தென்”. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துதான் வித்தியாசம்.

வகுப்பில் இந்தப் பாடத்துக்கு நான் விளக்குமாற்றுக் குச்சிகளைத்தான் எடுத்துப் போவேன். பிள்ளைகளையே வரிசையாக நிற்க வைத்து “ஷார்ட், ஷார்ட்டர், ஷார்ட்டஸ்ட்” என்று காட்டலாம் என்று பயிற்சிப் பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். சுலபம்தான். ஆனால் கடைசியில் நிற்கிற பிள்ளைக்கு அந்த ஆண்டு முழுக்க அதுவே பெயராகிவிடும். குச்சிக்கு மனசு இல்லை.

எழுத்தில் அடிக்கடி வரும் இன்னொரு குழப்பம், ஒப்பிடும் இரண்டும் ஒரே இனமாக இல்லாமல் போவது. “தி ரோட்ஸ் இன் கோயம்புத்தூர் ஆர் வைடர் தேன் மதுரை” என்று எழுதினால், கோவையின் சாலையும் மதுரை என்ற முழு நகரமும் ஒப்பிடப்படுகின்றன. “தேன் தோஸ் இன் மதுரை” என்று வர வேண்டும். “அன்லைக் மை ஃபாதர், மை ஹேண்ட்ரைட்டிங் இஸ் நீட்” என்பதில் அப்பாவும் கையெழுத்தும் ஒப்பிடப்படுகிறார்கள். தராசின் இரண்டு தட்டிலும் ஒரே வகைச் சரக்கு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இதற்கு வழி.

அதேபோல “அதர்” என்ற சொல். தொட்டபெட்டா தமிழ்நாட்டின் உயரமான சிகரம், 2,637 மீட்டர். “தொட்டபெட்டா இஸ் ஹையர் தேன் எனி பீக் இன் தமிழ்நாடு” என்று எழுதினால், தமிழ்நாட்டுச் சிகரங்களில் தொட்டபெட்டாவும் ஒன்று என்பதால், அது தன்னைவிடவே உயரம் என்றாகிவிடும். “எனி அதர் பீக்” என்று எழுத வேண்டும். ஆனால் கேரளத்திலுள்ள ஆனைமுடி 2,695 மீட்டர். அதைப் பற்றிச் சொல்லும்போது “ஆனைமுடி இஸ் ஹையர் தேன் எனி பீக் இன் தமிழ்நாடு” என்பதே சரி, “அதர்” வேண்டாம். கூட்டத்துக்குள் இருப்பவரை ஒப்பிட்டால் “அதர்”, வெளியில் இருப்பவரை ஒப்பிட்டால் இல்லை. பரீட்சையில் இதற்கு ஒரு மார்க்.

“சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர்” நான்கும் லத்தீன் வீட்டுப் பிள்ளைகள். அவற்றின் வாலில் இருக்கும் “இயர்” என்பதே லத்தீனில் ஒப்பீட்டைக் காட்டும் விகுதி. ஆகவே “தேன்” அவற்றோடு சேராது, “டு” தான் சேரும். “ஹி இஸ் சீனியர் டு மீ.” ஆனால் இதைப் பார்த்துவிட்டு “எல்டர் டு மீ” என்று எழுதுகிறோம். “எனக்கு மூத்தவர்” என்ற நம் தமிழின் “கு” அங்கே “டு” ஆகி உட்கார்ந்துகொள்கிறது. “ஓல்டர் தேன் மீ” என்றே எழுதுங்கள். “மை எல்டர் பிரதர்” என்று பெயருக்கு முன்னால் வரும்போது மட்டும் “எல்டர்” இருக்கட்டும்.

இனி சொல்லப்போவது எங்கள் குடும்பத்தில் நடந்தது. சம்பந்தப்பட்ட இருவரும் எழுதலாம் என்று சொன்ன பிறகே எழுதுகிறேன்.

என் ஒன்றுவிட்ட அக்கா ஒருவர் தவறிப்போனார். கடைசி இரண்டு வருஷம் படுக்கையில் இருந்தவரை அவர் மகள்தான் பார்த்துக்கொண்டாள். சின்ன வயதில் அக்கா வீட்டில் தங்கிப் படித்த எங்கள் அண்ணன் மகன் வெளிநாட்டில் இருந்தான். சாவுக்கு அவனால் வர முடியவில்லை. நாலு நாள் கழித்து அத்தை மகளுக்கு ஆங்கிலத்தில் ஒரு செய்தி அனுப்பினான். அதில் ஒரு வரி: “அத்தை நீடட் மீ மோர் தேன் யூ.”

அவள் அதை எப்படிப் படித்தாள் தெரியுமா? “அத்தைக்கு உன்னைவிட நான்தான் தேவைப்பட்டேன்.” இரண்டு வருஷம் மலம் ஜலம் பார்த்தவளிடம் இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? அவள் பதிலே போடவில்லை. அவன் போன் செய்தாலும் எடுக்கவில்லை. எட்டு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. கருமாதிக்கு அவன் அனுப்பிய பணத்தைக்கூடத் திருப்பி அனுப்பிவிட்டாள். காரணம் என்னவென்று அவனுக்குத் தெரியவே இல்லை.

ஒரு நாள் அவள் அந்தச் செய்தியை என்னிடம் காட்டி, “பாருங்க சித்தி, என்ன எழுதியிருக்கான்னு” என்றாள். நான் இரண்டு தடவை படித்தேன். பிறகு அவனுக்குப் போன் போட்டு, “இதைத் தமிழில் சொல்லு சாமி” என்றேன். அவன் சொன்னான்: “உங்களுக்கெல்லாம் அந்த நேரத்தில் நான் தேவைப்பட்டேன்தான் அத்தை. ஆனா அதைவிட பெரியத்தைக்கு நான் தேவைப்பட்டேன். அவங்க கேட்டப்ப நான் இல்லையே.”

அவன் தன்னைத்தான் நொந்துகொண்டிருக்கிறான். அவளைக் குறைத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அவள் ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என்னிடம், “சாப்பிட்டானாமா, கேளுங்க சித்தி” என்றாள்.

தமிழில் “உனக்கு”, “உன்னை” என்று உருபு மாறுவதால் இந்தக் குழப்பம் வந்திருக்காது. ஆங்கிலத்தில் “யூ” எங்கு நின்றாலும் “யூ” தான். “தேன்” என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு வாக்கியமே மறைந்து நிற்கிறது. அதை நாம் எழுதாமல் விட்டால் படிக்கிறவர் தன் மனசிலிருந்து எடுத்துப் போட்டு நிரப்பிக்கொள்வார். வருத்தத்தில் இருப்பவர் வருத்தமான சொல்லைத்தான் எடுத்துப் போடுவார். “மோர் தேன் யூ டிட்” என்று “டிட்” ஒன்றைச் சேர்த்திருந்தால் போதும், எட்டு மாதம் மிச்சமாகியிருக்கும். மற்றப் பொருள் வேண்டுமென்றால் “மோர் தேன் ஷி நீடட் யூ”. “தேன் மீ” சரியா, “தேன் ஐ” சரியா என்று கேட்டு எனக்கு எழுதுகிறீர்கள். இரண்டையும் நல்ல எழுத்தாளர்கள் எழுதுகிறார்கள். அந்தச் சண்டையை விடுங்கள். பின்னால் ஒரு வினைச்சொல்லைச் சேருங்கள், “தேன் ஐ டு”, “தேன் ஐ டிட்” என்று. சண்டையும் தீரும், பொருளும் தெளியும்.

ஆகவே, ஒப்பிட்டு எழுதிய எந்த வரியையும் அனுப்பும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். எதோடு எதை ஒப்பிடுகிறேன், இரண்டும் ஒரே இனமா? எவ்வளவு என்று எண்ணில் சொல்ல முடியுமா, முடிந்தால் சொல்லியிருக்கிறேனா? “தேன்” என்ற சொல்லுக்குப் பின்னால் விட்டுப்போன சொல் ஏதாவது உண்டா? இவை மூன்றுக்கும் பதில் இருந்தால் உங்கள் ஆங்கிலம் எளிமையாக இருந்தாலும் யாரும் குறை சொல்ல முடியாது.

வீட்டுப்பாடம் இல்லாமல் விட்டால் டீச்சர் மாறிவிட்டார் என்று நினைத்துவிடுவீர்கள். கீழே மூன்று வாக்கியங்கள்.

1. “மை சேலரி இஸ் ஹையர் தேன் மை பிரதர்.”

2. “ஷி டாக்ஸ் டு அம்மா மோர் தேன் மீ.”

3. “தி ஃபீஸ் ஹேவ் இன்கிரீஸ்டு திரீ டைம்ஸ்.”

முதலாவதைத் திருத்துங்கள். மற்ற இரண்டுக்கும் இரண்டிரண்டு பொருள் இருக்கிறது, ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தெளிவாக எழுதுங்கள். மூன்றாவதில் அவசரப்படாதீர்கள், மடங்கு மட்டுமே பொருள் அல்ல. பேரப்பிள்ளைகளையும் கூட உட்கார வைத்துக்கொள்ளலாம், காப்பி மட்டும் அடிக்கக்கூடாது.

ஞாயிற்றுக்கிழமை திருத்தித் தருகிறேன். இங்கே சிவப்பு மை கிடையாது, பயப்படாமல் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்